முதலாளி கேட்டால் சீர்திருத்தம். தாய் கேட்டால் ஒழுங்கீனமா?



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நம் சங்க அறைக்கு ஒரு தங்கை வந்தார். தோளில் நான்கு மாதக் குழந்தை. தாராவியில் பிறந்து வளர்ந்தவர். பெற்றோர் நெல்லைச் சீமையிலிருந்து பிழைக்க வந்தவர்கள். திருமணத்திற்குப் பின் தாராவியில் ஓர் அறைக்கு வாடகை கொடுத்து மாளாமல் கல்யாணுக்குக் குடிபோனவர். அந்தேரியில் ஓர் ஆயத்த ஆடைக் கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் வேலை. காலை 8.30க்கு உள்ளே நுழைய வேண்டும். மாலை 5.30க்கு வெளியே விடுவார்கள். பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகியிருந்தது.

அவர் கணவர் தாணேயில் இரவுக் காவலர். இரவு 11 மணிக்கு வேலை தொடங்கிக் காலை 7 மணிக்கு முடியும். வீடு வந்து சேர 8 மணியாகும். இந்தத் தங்கையோ 8.30க்கு அந்தேரியில் நிற்க வேண்டுமானால் காலை 6.45க்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். 6.45க்கும் 8 மணிக்கும் நடுவே ஒன்றேகால் மணி நேரம். அந்த ஒன்றேகால் மணி நேரம் குழந்தையை யார் வைத்திருப்பது? முதல் நாள் பக்கத்து வீட்டு அம்மா வைத்திருந்தார். இரண்டாம் நாளும் வைத்திருந்தார். மூன்றாம் நாள் அவருக்கும் வேலை இருந்தது.

தங்கை மேற்பார்வையாளரிடம் போய் என்ன கேட்டார்? சம்பள உயர்வு கேட்கவில்லை. வேலையைக் குறைக்கச் சொல்லவில்லை. "8.30க்குப் பதில் 10 மணிக்கு வருகிறேன், 5.30க்குப் பதில் 7 மணிக்குப் போகிறேன். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை மட்டும்" என்று கேட்டார். அதே ஒன்பது மணி நேரம்தான். ஏற்றுமதி ஆர்டர் வந்துவிட்டால் அந்தக் கூடத்தில் இரவு 9 மணி வரை விளக்கு எரிகிறது. ஏழு மணிக்கு அவர் ஒருவருக்காக யாரும் தனியாக விளக்குப் போட வேண்டியதில்லை.

கிடைத்த பதில்: "இன்றைக்கு உனக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள். கம்பெனி நேரம் கம்பெனி நேரம்தான். முடியாதென்றால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ."

நம்மிடம் வந்தார். நாம் என்ன செய்தோம்? இதை மறைக்காமல் எழுத வேண்டும். நாம் அவருக்குத் தேநீர் கொடுத்தோம். "கொஞ்ச நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா, ஊரிலிருந்து அம்மாவை வரச் சொல்லேன்" என்றோம். அவருடைய அம்மா பக்கவாதத்தில் படுத்திருப்பது நமக்குத் தெரியாது. நாம் கேட்கவும் இல்லை. அடுத்த மாதம் அந்தக் குழந்தையை மாமியார் வந்து ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனார். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ரயிலில் டிக்கெட் வேண்டாம். பயணிகள் பட்டியலில் பெயரும் வராது. அந்தத் தாய் தாதர் நிலையத்தில் வழியனுப்பிவிட்டு நேரே வேலைக்குப் போனார். மாதக்கணக்கில் கம்பெனிக் கழிப்பறையில் பாலைப் பீச்சிக் கொட்டினார். நிர்வாகத்தின் வருகைப் பதிவேட்டில் அவர் ஒரு நாளும் தாமதமாக வரவில்லை. ஆகவே அவர்கள் கணக்கில் குறை எதுவும் இல்லை!

இந்தக் கணக்கைத்தான் இந்த இதழில் கேள்வி கேட்கிறோம்.

நேரத்தை வளைப்பது யாருக்கு உரிமை?

"வேலை நேரம் கல்லில் செதுக்கியது, மாற்ற முடியாது" என்கிறார்கள் அல்லவா? அது உண்மையா என்று பார்ப்போம்.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் ஒன்று நிறைவேறியது. ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்கிக்கொள்ள அது வழி திறந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? நெகிழ்வான வேலை நேரம்! தொழிற்சங்கங்கள் ஒன்றாக எழுந்தன. ஆளும் கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்தன. அந்த மே தினத்தன்று சட்டம் திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அது உழைப்பாளர் ஒற்றுமைக்குக் கிடைத்த வெற்றி.

நாம் வாழும் மகாராஷ்டிரத்தில் நடந்தது என்ன? 2025 செப்டம்பரில் மாநில அமைச்சரவை, தொழிற்சாலைகளின் அன்றாட வேலை நேர வரம்பை 9 மணியிலிருந்து 12 மணியாகவும், கடைகள், நிறுவனங்களில் 9 மணியிலிருந்து 10 மணியாகவும் உயர்த்த ஒப்புதல் கொடுத்தது. காரணம் கேட்டால் முதலீடு வரும், வேலை பெருகும் என்றார்கள்.

ஆக, முதலாளி கேட்டால் வேலை நேரம் ரப்பர் போல இழுபடும். அதற்குப் பெயர் சீர்திருத்தம். கைக்குழந்தைக்காரி கேட்டால் அதே வேலை நேரம் இரும்புத் தூணாகிவிடும். அவள் கேட்டதற்குப் பெயர் ஒழுங்கீனம். அவர்கள் கேட்பது மூன்று மணி நேரம் கூடுதல். அவள் கேட்பது ஒரு நிமிடம்கூடக் குறையாமல் ஒன்றரை மணி நேரம் தள்ளி. எது பெரிய கோரிக்கை? எதனால் தொழில் கெட்டுவிடும்?

இன்னொன்றும் சொல்வோம். இது ரயில்வேக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி. மும்பை மின்ரயிலில் காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏறுவதால் ஆண்டுதோறும் எத்தனை உயிர் போகிறது! 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா வளைவில் வாசலில் தொங்கிய பயணிகள் விழுந்து மாண்டதை நாம் மறக்கவில்லை. இந்த நெரிசலைக் குறைக்கத்தான் மத்திய ரயில்வே 2023 நவம்பரில் தன் மும்பை அலுவலக ஊழியர்களுக்கு ஒன்பதரைக்கு வருவோர், பதினொன்றரைக்கு வருவோர் என இரண்டு வகை நேரம் வகுத்தது. மற்ற அலுவலகங்களையும் அப்படிச் செய்யக் கேட்டது. ஆகாயம் இடிந்து விழவில்லை. கோப்புகள் நகர்ந்தன, சம்பளப் பட்டியல் தயாராயிற்று, வண்டிகள் ஓடின.

கூட்டத்துக்காக நேரத்தை மாற்ற முடியும் என்றால், குழந்தைக்காக ஏன் முடியாது?

சட்டம் என்ன கொடுக்கிறது? எங்கே கைவிடுகிறது?

சட்டம் தெரியாதவரை ஏய்ப்பது எளிது. ஆகவே ஒவ்வொரு குடும்பமும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

1961ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு கிடைத்தது. மூன்றாவது குழந்தையானால் 12 வாரம். இந்த ஏற்பாடுகள் இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. பேற்றுக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

26 வாரம் என்றதும் ஆறு மாதம் குழந்தையோடு இருக்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. அதில் 8 வாரம் வரை பேற்றுக்கு முன்பே எடுக்கலாம். கால் வீங்கி, நின்று வேலை செய்ய முடியாத பெண் அதை எடுத்தே தீர வேண்டியிருக்கிறது. மீதி 18 வாரம். அதாவது நான்கு மாதத்துக்குக் கொஞ்சம் மேல். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடு என்று ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். நான்கு மாதத்தில் வேலைக்கு வா என்கிறது கம்பெனி. இரண்டுக்கும் நடுவே இருக்கிற பள்ளத்தில்தான் நம் பிள்ளைகள் விழுகிறார்கள்.

சரி, திரும்பி வந்தபின் சட்டம் என்ன தருகிறது?

வழக்கமான ஓய்வு இடைவேளை போக, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம். வேலை வீட்டிலிருந்து செய்யக்கூடியதாக இருந்தால், விடுப்புக்குப் பின் நிர்வாகமும் அந்தப் பெண்ணும் ஒத்துக்கொண்டு வீட்டிலிருந்தே செய்யலாம். பேறுகால விடுப்பில் இருக்கும் பெண்ணை அந்த விடுப்பைக் காட்டி வேலையிலிருந்து நீக்குவதும், அவளுக்குப் பாதகமாக வேலை நிபந்தனைகளை மாற்றுவதும் சட்ட விரோதம்.

காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. கல்யாணிலிருந்து அந்தேரிக்குப் போகும் தாயின் கையில் இதை வைத்துப் பாருங்கள்!

பாலூட்டும் இடைவேளை எவ்வளவு நேரம்? பழைய மத்திய விதிகளில் 15 நிமிடம். குழந்தை கல்யாணில், தாய் அந்தேரியில். பதினைந்து நிமிடத்தில் எந்த ரயில் அவளைக் கொண்டுபோய்க் கொண்டுவரும்? 1919இல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு நிறைவேற்றிய உடன்படிக்கையிலேயே பாலூட்டும் தாய்க்கு நாளுக்கு இரண்டு முறை அரைமணி நேரம் என்று எழுதியிருக்கிறது. இந்தியா அதை ஏற்றுக் கையொப்பமிடவில்லை. நூறாண்டு கழிந்த பின்பும் நாம் அதில் பாதிக் கணக்கில் நிற்கிறோம்.

காப்பகம்? ஐம்பது பேர் இருந்தால்தான். ஒரே கூரையின் கீழ் இரண்டு கான்டிராக்டர் பெயரில் ஆளைப் பிரித்துப் போட்டு, "எங்களிடம் ஐம்பது பேர் இல்லை" என்று சொல்லும் இடங்களை நாம் பார்த்திருக்கிறோம். காப்பகம் இருந்தாலும், அலுவல் நேர மின்ரயிலில் நான்கு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏற முடியுமா? பெண்கள் பெட்டியில் வெறுங்கையோடு ஏறுகிறவளே மூச்சுத் திணறி இறங்குகிறாள்.

வீட்டிலிருந்து வேலை? துணி சரிபார்ப்பவரும், ஆஸ்பத்திரி ஆயாவும், கடையில் பில் போடுபவரும், தெருக் கூட்டுபவரும் வீட்டிலிருந்து எதைச் செய்வது? அந்தச் சலுகை கணிப்பொறி முன் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு. அவருக்கும் நிர்வாகம் மனம் வைத்தால்தான்.

சட்டத்தில் விடுபட்டது இதுதான்: திரும்பி வரும் தாய் வேலை நேரத்தை மாற்றிக் கேட்டால், அதை வாங்கிப் பார்த்துக் காரணத்தோடு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 6 முதல், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே ஆணோ பெண்ணோ இப்படிக் கேட்கலாம். இரண்டு மாதத்துக்குள் முதலாளி முடிவு சொல்லியாக வேண்டும். அங்கேயும் முதலாளி மறுக்கலாம். ஆனால் சட்டம் வகுத்த காரணத்தைக் காட்டித்தான் மறுக்கலாம். இங்கே ஒரு மேற்பார்வையாளர் வெற்றிலை மென்றுகொண்டே "முடியாது" என்றால் கதை முடிந்தது.

இது பிச்சை அல்ல. இந்த நகரமே அதற்குச் சாட்சி

பேறுகாலப் பயன் என்பது நேற்று முளைத்த சலுகை அல்ல. இந்தியாவிலேயே முதல் பேறுகாலப் பயன் சட்டம் நாம் வாழும் இதே பம்பாயில்தான், 1929இல் வந்தது. பரேலிலும் லால்பாகிலும் பஞ்சாலைகளில் நின்ற பெண்களுக்காக வந்தது. 1928இல் அந்த மசோதா பம்பாய் சட்டசபையில் வந்தபோது, எழுந்து ஆதரித்துப் பேசியவர்களில் ஒருவர் டாக்டர் அம்பேத்கர். தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கே என்பதும், ஆகவே அந்தச் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்பதும் அவர் வாதம். அந்தப் பெண்ணின் உழைப்பால் ஆதாயம் பெறும் முதலாளியும் பங்கு தரத்தான் வேண்டும் என்றார். சென்னை மாகாணத்தில் 1934இல் இதுபோன்ற சட்டம் வந்தது.

1977இல் கோவை மாவட்டத்து மலைத்தோட்டத்தில் வேலை செய்த ஒரு பெண்ணின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பேறுகாலப் பணம் கணக்கிடும்போது ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுவிடலாமா என்பது கேள்வி. விடக்கூடாது என்றது நீதிமன்றம். அந்தப் பணம் தாய் உயிரோடிருக்க மட்டுமல்ல. குழந்தையைப் பேணவும், இழந்த வலுவை மீட்கவும், முன்போல் உழைக்கும் திறனைக் காக்கவும் என்று விளக்கியது. சில ஞாயிற்றுக்கிழமைகளின் கூலிக்காக ஒரு தமிழ்நாட்டுத் தோட்டத் தொழிலாளி நடத்திய வழக்கு இந்தியா முழுவதற்கும் வழிகாட்டியாயிற்று.

2000ஆம் ஆண்டு மார்ச் 8 அன்று, தில்லி மாநகராட்சியில் தினக்கூலிக்கு வேலை செய்த பெண்களின் வழக்கில், நிரந்தரப் பணியாளர் அல்ல என்று சொல்லிப் பேறுகாலப் பயனை மறுக்க முடியாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "நீ கான்டிராக்ட் ஆள், உனக்கு ஒன்றும் கிடையாது" என்று யாராவது சொன்னால், இந்தத் தேதியை அவர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

இவை எதுவும் கேட்காமல் கிடைக்கவில்லை. அடுத்த படி, திரும்பி வந்த தாயின் வேலை நேரம். அதையும் கேட்டுத்தான் பெற வேண்டும்.

அவர்கள் சொல்லும் மூன்று சாக்குகள்

முதல் சாக்கு: "ஒருத்திக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள்." எல்லோருமா? ஒரு கூடத்தில் நூறு பெண்கள் இருந்தால், ஒரே நேரத்தில் 15 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை எத்தனை பேருக்கு இருக்கும்? விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களிலும் எல்லோருக்கும் நேர மாற்றம் தேவைப்படாது. இது முடிவு தேதி உள்ள கோரிக்கை. குழந்தை வளரும்; தேவை தீரும்.

இரண்டாம் சாக்கு: "இப்படிச் சலுகை கேட்டால் பெண்களையே வேலைக்கு எடுக்கமாட்டோம்." இது சாக்கு அல்ல, மிரட்டல். விடுப்புச் சம்பளம் முழுவதும் முதலாளி தலையில் விழுகிறது என்பார்கள். நம் பெண்கள் வேலை செய்யும் பல இடங்களில் அது பொய். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர் ஈ.எஸ்.ஐ.யில் இருந்தால், 26 வாரப் பணத்தை ஈ.எஸ்.ஐ. கொடுக்கிறது, முதலாளி அல்ல. நம் சம்பளத்திலும் நூற்றுக்கு 75 காசு அதற்காகப் பிடிக்கிறார்கள். முன்னைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால் போதும். ஆகவே சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா, பிடித்ததைக் கட்டுகிறார்களா என்று இன்றே பாருங்கள். நேரத்தைத் தள்ளி வைப்பதற்கோ ஒரு காசும் செலவில்லை. பழகிய கையை வெளியே அனுப்பிவிட்டுப் புதிய கையைப் பழக்குவதற்குத்தான் செலவு.

மூன்றாம் சாக்கு: "குழந்தை முக்கியமென்றால் வீட்டில் இருக்கட்டுமே." இதைச் சொல்கிறவர்கள் நம் ஊரார் பலரும்தான். அவர்களைக் கேட்கிறோம்: கல்யாணிலும் அம்பர்நாத்திலும் ஒரு சம்பளத்தில் வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் ஓடுமா? ஓடுமென்றால் அந்தத் தங்கை ஏன் ஒரு வாரப் பாலைக் கழிப்பறையில் கொட்டிவிட்டு மறுவாரமும் வேலைக்குப் போகிறாள்? பெண் சம்பாதிக்க வேண்டும். ஆனால் அவள் தாயாக இருப்பது யார் கண்ணிலும் படக்கூடாது என்பது எந்த ஊர் நியாயம்?

நம் வீட்டுக்குள்ளும் பார்ப்போம்

முதலாளியைக் கேட்ட கேள்வியை நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம்மில் அரசு வேலையில் இருப்பவர்களின் நிலை வேறு. மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2008 முதல் 180 நாள் பேறுகால விடுப்பும், பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் உண்டு. அதை உரிமையாகக் கோர முடியாது, அதிகாரி ஒப்புதல் தர வேண்டும் என்ற விதி இருந்தாலும், ஏதோ இருக்கிறது. அதே கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கும் கான்டிராக்ட் பெண்ணுக்கு? அவளும் தமிழச்சிதான். காலையில் நம் மேஜையைத் துடைக்கிறாள். அவள் குழந்தை எங்கே இருக்கிறது என்று நாம் ஒரு நாளாவது கேட்டோமா?

வீட்டு வேலை செய்யும் நம் தாய்மார்கள், தாராவியில் விடியுமுன் இட்லி அவித்துத் தலையில் சுமந்து விற்கக் கொடுப்பவர்கள், முறுக்குச் சுற்றுபவர்கள், பத்துப் பேருக்கும் குறைவான பட்டறையில் தோல் பை தைப்பவர்கள் ஆகியோருக்கு 26 வாரமும் இல்லை, 26 நாளும் இல்லை. வீட்டு வேலைக்காரி பிள்ளை பெற்று இரண்டு மாதம் கழித்துப் போனால், அந்த வீட்டில் வேறொருத்தி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். முதல் குழந்தைக்கு மத்திய அரசுத் திட்டத்தில் 5,000 ரூபாய் கிடைக்கும்; அதற்கும் ஆதார் முகவரி, வங்கிக் கணக்கு என்று அலைய வேண்டும். சட்டத்துக்குள் இருக்கிறவர்களுக்காக மட்டும் போராடிவிட்டு, வெளியே நிற்பவர்களை மறந்தால் நாம் சங்கம் நடத்துவதில் பொருளில்லை.

அடுத்து, ஆண்களாகிய நாம். மத்திய அரசு ஊழியருக்குத் தந்தைக்கான விடுப்பு 15 நாள் இருக்கிறது. தனியார் வேலையில் அப்படி ஒரு சட்டமே இல்லை. ஆனால் இருக்கிற 15 நாளை எடுத்த நம் தோழர்கள் அதை எதற்குச் செலவிட்டார்கள்? பெயர் சூட்டு விழாவுக்குப் பந்தல் போட்டதும், ஊர்ப் பயணம் போனதும் போக, துணி அலசியது எத்தனை நாள்? வேலை நேரத்தை மாற்றிக் கேட்க வேண்டியவள் தாய் மட்டும்தானா? தந்தை ஏன் தன் மேற்பார்வையாளரிடம் போய், "என் ஷிப்டை மாற்றிக் கொடுங்கள், காலையில் குழந்தையைப் பார்க்க வேண்டும்" என்று கேட்கக் கூடாது? வெட்கமாக இருக்கிறதா? அந்த வெட்கத்தின் விலையைத்தான் பெண்கள் கட்டுகிறார்கள். இதை எழுதும் எங்கள் வீடுகளிலும் இப்படித்தான் இருந்தது. மூத்த பிள்ளை பிறந்தபோது யார் இரவில் விழித்தார்கள் என்று எங்கள் துணைவியரைக் கேட்டால், எங்களுக்குச் சாதகமான சாட்சி கிடைக்காது.

நம் சங்கக் கூட்டத்தை ஞாயிறு மாலை 6 மணிக்கு வைக்கிறோம். அது பெண்கள் அடுப்பு மூட்டும் நேரம். பிறகு, "பெண்கள் வருவதில்லை" என்று வருத்தப்படுகிறோம்! வேலை நேரத்தை மாற்று என்று முதலாளியிடம் கேட்கும் முன் நம் கூட்ட நேரத்தை மாற்றுவோம். அடுத்த மாதத்திலிருந்து கூட்டம் பிற்பகல் 3 மணிக்கு. குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது முறை வைத்து ஆண் தோழர்கள்.

வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள்

அந்தத் தங்கை விஷயத்தில் நாம் செய்த பெரிய தவறு, எழுதிக் கொடுக்க வைக்காதது. அவர் வாயால் கேட்டார். அவர்கள் வாயால் மறுத்தார்கள். நாளை யாராவது விசாரித்தால், "அப்படி ஒருவர் கேட்கவே இல்லை" என்று சொல்லிவிடலாம். குமாஸ்தா வேலை பார்க்கிற நமக்கு இதுகூடத் தோன்றவில்லையே என்று வெட்கப்படுகிறோம். தாளில் இல்லாதது நடக்காதது.

ஆகவே விடுப்பு முடிய ஒரு மாதம் இருக்கும்போதே விண்ணப்பம் கொடுங்கள். அதில் இவை இருக்க வேண்டும்:

குழந்தை பிறந்த தேதி. வேலைக்குத் திரும்பும் தேதி.

இப்போதைய வேலை நேரம். கேட்கும் வேலை நேரம். மொத்த மணி குறையவில்லை என்றால் அதைத் தெளிவாக எழுதுங்கள்.

எந்தத் தேதி வரை இந்த மாற்றம் வேண்டும். குழந்தைக்கு 15 மாதம் முடியும் தேதியைப் போடலாம்.

பாலூட்டும் இரண்டு இடைவேளைகளையும் ஒன்றாகச் சேர்த்து, தாமதமாக வரவோ முன்னதாகப் போகவோ அனுமதி கேட்கலாம். குழந்தை தொலைவில் இருப்பவருக்கு இதுதான் பயன்படும்.

உங்கள் வேலை தடைப்படாமல் எப்படி நடக்கும் என்று இரண்டு வரி. அந்த நேரத்தை யார் பார்த்துக்கொள்வார், எந்த வேலையை எப்போது முடிப்பீர்கள் என்று.

மூன்று மாதம் நடத்திப் பார்த்து, பிறகு இரு தரப்பும் பேசலாம் என்று ஒரு வரி.

15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும் என்று கடைசி வரி.

இரண்டு படி எடுங்கள். ஒரு படியில் "பெற்றுக்கொண்டோம்" என்று கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள். மராத்தியிலோ ஆங்கிலத்திலோ மாற்றித் தருவது நம் வேலை. தனியாகப் போகாதீர்கள். கூட வேலை செய்யும் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு போங்கள். பாலூட்டும் இடைவேளையையோ காப்பகத்தையோ மறுத்தால், வேலையை விட்டு நிற்கச் சொன்னால், ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நேரே சங்கத்துக்கு வாருங்கள். தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் புகார் எழுதிக் கொடுப்போம்.

நாம் கேட்பது

ஒன்று: பேறுகால விடுப்பிலிருந்து திரும்பும் ஒவ்வொரு தாயும் வேலை நேர மாற்றம் கேட்டால், குறித்த நாளுக்குள் காரணத்தோடு எழுத்தில் பதில் தர வேண்டும் என்று சட்டம் வர வேண்டும். தந்தைக்கும் அந்த உரிமை வேண்டும்.

இரண்டு: பாலூட்டும் இடைவேளை குறைந்தது அரைமணி நேரம் ஆக வேண்டும். இரண்டையும் சேர்த்து எடுக்க அனுமதி வேண்டும்.

மூன்று: ஆளைப் பிரித்துக் காட்டி ஏய்க்க இடமில்லாமல், ஒரே வளாகத்தில் உள்ள எல்லா உழைப்பாளிகளையும் சேர்த்து எண்ணிக் காப்பகம் அமைக்க வேண்டும். வேலை இடத்தில் மட்டுமின்றி, நாம் குடியிருக்கும் பகுதிகளிலும் பால்வாடிகள் காலை 6 மணி முதல் கைக்குழந்தைகளை ஏற்க வேண்டும்.

நான்கு: வீட்டு வேலை செய்வோருக்கும், சிறு பட்டறைப் பெண்களுக்கும் பேறுகாலப் பணத்தை அரசே ஏற்க வேண்டும். 1928இல் அம்பேத்கர் சொன்னது இன்னும் பாக்கியிருக்கிறது.

தோழர்களே!

அந்தக் குழந்தைக்கு இப்போது ஒரு வயது நெருங்குகிறது. ஊரில் பாட்டியை "அம்மா" என்று கூப்பிடுவதாகத் தொலைபேசியில் சொன்னார்களாம். அந்தத் தங்கை அதைச் சிரித்துக்கொண்டுதான் நம்மிடம் சொன்னார். நாம் சிரிக்கவில்லை.

ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொடுத்த விலை அது. அவர் இப்போது விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்த முறை மூன்று பேர் கூடப் போனோம், கையெழுத்து வாங்கினோம். பதில் வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறோம். பதில் எதுவானாலும் அடுத்த இதழில் எழுதுவோம். அவர் போல இன்னும் எத்தனை பேர் நம் பகுதிகளில் இருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கவும் முடிவு செய்திருக்கிறோம். இதைப் படிக்கும் தாய்மார்கள் தயங்காமல் வாருங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டே வாருங்கள்.

பன்னிரண்டு மணி நேரம் கேட்கத் தயங்காதவர்களிடம், ஒன்றரை மணி நேரம் தள்ளி வரக் கேட்க நாம் ஏன் தயங்க வேண்டும்?